செவ்வாய்க்கிழமை விரதம்

இந்தத் தொழிலுக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளையள், உங்களில ஒராள் போன கிழமை என்னட்டைக் கேட்டா, "ஆன்ரி, உங்கட சேர்விஸிலயே பெஸ்ற் கேஸ் எது?" எண்டு. நான் சிரிச்சுப்போட்டுத் தேத்தண்ணியைக் குடிச்சன். பிறகு பஸ்ஸில வரேக்க யோசிச்சுப் பாத்தன். பெஸ்ற் எண்டு சொல்ல ஒண்டும் வாயில வரேல்லை. ஒரு மனுசியின்ர முகம்தான் வந்தது. அந்த முகம் வந்தால் எனக்கு இண்டைக்கும் காது ரெண்டும் சுடும். வெக்கத்தில.

அதைத்தான் எழுதித் தாறன். கெட்டிக்காரக் கதையள் சொல்ல உங்களுக்கு வேற ஆக்கள் இருக்கினம்.

முதல் என்னைப் பற்றிச் சொல்லவேணும், இல்லாட்டி மிச்சம் விளங்காது. முப்பது வருசத்துக்குக் கிட்ட லண்டனில டயட்டீசியனா இருந்தனான். எதை, எவ்வளவு, எத்தினை மணிக்குச் சாப்பிடலாம் எண்டு ஊர்ச் சனத்துக்கெல்லாம் தாள் எழுதிக் குடுத்த ஆள். ஆனால் நான் வயிறாறச் சாப்பிட்டு எவ்வளவோ காலம். கலியாணத்துக்கு முதல் துவங்கின டயட், ஐம்பது வயசு வந்தும் முடியேல்லை. கோவா இலையை அவிச்ச சூப் ஒரு வருசம், பாண் தொடாத ஒரு வருசம், பிறகு சோறு தொடாத ஒரு வருசம். ஆர்ச்வேயில கோயிலுக்குப் போனால் மோதகத்தை வாங்கிக் கண்ணில ஒத்திப்போட்டு, பக்கத்தில நிக்கிற ஆருக்கும் குடுத்திடுவன். "உங்களைப் பாத்துப் படிக்கவேணும் டொக்டர்" எண்டு சனம் சொல்லும். நான் டொக்டர் இல்லை எண்டு ஒரு நாளும் திருத்தினதில்லை. அவ்வளவு எடுப்பு எனக்கு.

இது நடந்தது இரண்டாயிரத்து மூண்டு, நாலாம் ஆண்டளவில. கிழக்கு லண்டனில ஃபாரஸ்ட் கேட் எண்ட இடத்தில ஒரு சின்ன ஹோலை வாடகைக்கு எடுத்து, எங்கட பொம்பிளையளுக்கெண்டு நிறை குறைக்கிற வகுப்பு ஒண்டு துவங்கினனான். செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணி. பதினைஞ்சு பேர் வருவினம். தமிழிலயே கதைக்கலாம் எண்டதால சனத்துக்குச் சரியான சந்தோசம். எனக்கும்தான். வெள்ளைக்காரர் குடுக்கிற தாளில புட்டுமில்லை, இடியப்பமுமில்லை. என்ர தாளில எல்லாம் இருந்தது, ஆனால் எல்லாத்துக்கும் முன்னால "குறைக்கவும்" எண்டு இருந்தது. தேங்காய்ப்பாலை அடியோட வெட்டினனான். ஒரு மனுசி எழும்பி, "அப்ப சொதிக்கு என்னத்தை விடுறது அக்கா?" எண்டு கேட்டா. "ஆடையெடுத்த பாலில தண்ணி கலந்து விடுங்கோ" எண்டன். "அப்ப அதுக்குப் பேர் சொதியோ, சட்டி கழுவின தண்ணியோ?" எண்டு கேட்டாவே, ஹோல் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரிச்சன். தாளை மட்டும் மாத்தேல்லை.

நிறை பாக்கிற மெசினை நான் ஹோலுக்கு நடுவில வச்சனான். வட்ட முகமும் பெரிய முள்ளும் உள்ள பழைய மெசின். சப்பாத்தைக் கழட்டி, காப்பைக் கழட்டி வரிசையில நிப்பினம். தாலிக்கொடியைக் கழட்ட மனமில்லாதவை அதைக் கையால தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஏறுவினம், கழுத்தில தொங்காட்டி நிறை குறையும் எண்ட நினைப்பில. முள்ளு இறங்கின ஆளின்ர பேரை நான் சத்தமா வாசிப்பன். எல்லாரும் கை தட்டுவினம். இறங்காத ஆளுக்கு நான் ஒண்டும் சொல்லுறதில்லை, "அடுத்த ஆள்" எண்டு மட்டும் சொல்லுவன். நான் அதைத் தண்டனை எண்டு நினைக்கேல்லை. பண்பு எண்டு நினைச்சன்!

என்னோட அந்த வகுப்பில வேலை செய்தது ஒரு மலேசியப் பிள்ளை. அவவும் டயட்டீசியன்தான், என்னிலும் பாக்க இருபது வயசு குறைவு. பேர் சொல்லமாட்டன், அவவுக்குப் பிடிக்காது. தமிழ் நல்லாக் கதைப்பா, ஆனால் எழுத வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில படிக்கேல்லை. துவக்கத்தில இருந்தே அவவுக்கு மெசின் பிடிக்கேல்லை. "டயட்டையே விட்டுடலாம்க்கா" எண்டுவா. பசிச்சால் சாப்பிடட்டும், வயிறு போதுமெண்டால் நிப்பாட்டட்டும், எந்தச் சாப்பாட்டையும் கள்ளனைப் பாக்கிற மாதிரிப் பாக்கவேண்டாம், அதுதான் அவவின்ர வழி. அப்ப அது எங்கட பகுதியில புதுசு. எனக்குச் சிரிப்பு. "பசிச்சால் சாப்பிடு எண்டு சொல்லவோ தங்கச்சி உம்மை யூனிவர்சிற்றியில படிப்பிச்சவை?" எண்டு கேட்டன். அவ கோவிக்கேல்லை. "அது ரொம்பக் கஷ்டம்க்கா, செஞ்சு பாருங்க" எண்டா.

இப்ப அந்த மனுசியிட்டை வாறன். கௌரி எண்டு வைப்பம், உண்மைப் பேர் அதில்லை. பாரிஸில பத்து வருசம் இருந்துபோட்டு லண்டனுக்கு மாறி வந்த குடும்பம். புருசனுக்கு ஃபாரஸ்ட் கேட்டில பலசரக்குக் கடை, அவதான் பகல் முழுக்கக் கல்லாவில. நாப்பது வயசு கிட்ட. சீனி வருத்தம் வரப்போகுது எண்டு டொக்டர் பயப்பிடுத்தி அனுப்பிவிட்டவர். முதல் நாள் கடைசி வரிசை வாங்கில இருந்து, ஆருக்கும் கேக்காத குரலில, "நான் சொல்வழி கேப்பன் அக்கா, சொல்லித் தாங்கோ" எண்டா. எனக்கு அப்பிடியான ஆக்களைத்தான் பிடிக்கும்.

கௌரியின்ர முள்ளு இறங்கத் துவங்கினது. ஒவ்வொரு கிழமையும் இறங்கினது. ரெண்டு மாசத்தில முன் வரிசை வாங்குக்கு வந்திட்டா. நான் அவவை "எங்கட முதலாம் பிள்ளை" எண்டு கூப்பிடத் துவங்கினன். மற்றவையைப் பாத்து, "கௌரியால ஏலுமெண்டால் உங்களால ஏன் ஏலாது?" எண்டு கேப்பன். எங்கட சுகாதாரப் பகுதியின்ர தலைமை ஒஃபீசில நடந்த கூட்டத்தில அவவைப் பற்றிக் கதைச்சுக் கைதட்டு வாங்கினன். வருசக் கடைசியில அவவுக்குப் பரிசு குடுத்தனான். என்ன பரிசு எண்டு கேளுங்கோ. வீட்டில வச்சு நிறுக்கிற மெசின் ஒண்டு, சிவப்பு ரிபன் கட்டி. அதை நினைச்சால் சுவரில போய்த் தலையை இடிக்கலாம் போல இருக்கும்.

எல்லாரும் தினம் சாப்பிட்டதைச் சாப்பாட்டுக் கொப்பியில எழுதவேணும் எண்டது என்ர சட்டம். கௌரி தமிழில முத்து முத்தா எழுதுவா. கொப்பியளை நான்தான் வாசிப்பன், வேற ஆருக்கும் ஏலாதெல்லோ. ஒரு நாள் மலேசியப் பிள்ளை கௌரியின்ர கொப்பியைப் புரட்டிக்கொண்டு இருந்தா. எழுத்து விளங்காமல் படம் பாக்கிற மாதிரித்தான் பாத்தா. பிறகு கொப்பியை என்ர பக்கம் திருப்பி, விரலை வச்சு, "அக்கா, இது என்ன சொல்லு? இதே சொல்லு எல்லாப் பக்கத்திலயும் இருக்கே?" எண்டு கேட்டா.

நான் பாத்தன். விரதம்.

திங்கள் விரதம், செவ்வாய் விரதம், வெள்ளி விரதம். சதுர்த்தி, சட்டி, பிரதோசம். கடைசிப் பக்கங்களில காரணமே இல்லை, வெறும் "விரதம்", "விரதம்". அந்தக் கொப்பியைக் கிழமைக்குக் கிழமை வாசிச்சது நான். ஒருக்காலும் எண்ணிப் பாக்கேல்லை. எங்கட ஆக்களிட்டை அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கு. ஒருத்தர் "எனக்கு இண்டைக்கு விரதம்" எண்டால் அதுக்கு மேல கேள்வி இல்லை. தட்டை எடுத்திடுவம். என்ன விரதம், ஏன் விரதம் எண்டு குடைஞ்சு கேட்டால் அது கேட்ட ஆளுக்குத்தான் அவமானம்.

நான் அந்தப் பிள்ளைக்கு விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. "இது எங்கட சமய விசயம். தமிழ் வாசிக்கத் தெரியாத உமக்கு உது விளங்காது" எண்டன். அப்பிடியே சொன்னனான், ஒரு சொல்லும் மாத்தேல்லை. அவவின்ர முகம் சுருங்கிப் போச்சு. கொப்பியை மூடி வச்சுப்போட்டு, "சரிக்கா" எண்டா.

இதில ஒரு நிமிசம் நில்லுங்கோ. உங்களில கனபேரை வேலைக்கு எடுக்கிறதே உங்களுக்கு எங்கட மொழி தெரியும், எங்கட பழக்கவழக்கம் தெரியும் எண்டுதான். தெரிஞ்சதாலதான் நான் கேக்கேல்லை. வேற இனத்துச் சனத்தில ஒரு டயட்டீசியன் இருந்திருந்தால், "இத்தினை நாள் ஏன் சாப்பிடேல்லை?" எண்டு முதல் கிழமையே கேட்டிருப்பா. ஆள் உங்கட சொந்த மொழியில சொல்லுற சொல்லை ரெண்டாந்தரமும் கேளுங்கோ. வெக்கப்படாமல் கேளுங்கோ.

அதுக்குப் பிறகு ஒரு மூண்டு கிழமை போயிருக்கும். மழை நாள். வரிசையில கௌரி நாலாவது. முகம் வெளிறி இருந்தது. உதடு காய்ஞ்சு கிடந்தது. நான் கண்டனான். கண்டும், "கெதியா வாங்கோ முதலாம் பிள்ளை" எண்டு பகிடி விட்டன். ஏறினா. கண்ணை மூடினா. கும்பிடுறா எண்டு நினைச்சன். அப்பிடியே ஒரு பக்கமாச் சரிஞ்சா.

இப்ப எழுதப்போறதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அவ சரியேக்க நான் அவவைப் பாக்கேல்லை, பிள்ளையள். முள்ளைப் பாத்தன். இறங்கியிருக்கோ எண்டு.

மலேசியப் பிள்ளைதான் ஓடிவந்து தாங்கினது. நிலத்தில படுக்க வச்சு, காலை உயர்த்தி, ஒராளை அம்புலன்ஸுக்கு அடிக்கச் சொல்லி, மற்றவையைத் தள்ளி நிக்கச் சொல்லி, எல்லாம் அவதான். நான் கையில பேர் லிஸ்ற்றோட அப்பிடியே நிக்கிறன். கொஞ்சத்தில கௌரி கண் முழிச்சு, சுவரில சாய்ஞ்சு இருந்தா. ஆரோ சீனி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினவை. கௌரி முகத்தைத் திருப்பினா.

"வேண்டாம். எனக்கு இண்டைக்கு விரதம்."

சொல்லிப்போட்டு என்ர முகத்தைப் பாத்தா. பிழை விட்ட பிள்ளை ரீச்சரைப் பாக்கிற பார்வை.

"அவங்க உங்களைத்தான் பாக்கிறாங்கக்கா" எண்டு மலேசியப் பிள்ளை மெல்லமாச் சொன்னா. "நீங்க சொன்னாத்தான் குடிப்பாங்க."

பதினாலு பொம்பிளையள் சுத்தி நிண்டு என்ர வாயையே பாக்கினம். ஒரு வருசமா இவைக்குச் சீனி நஞ்சு எண்டு சொன்ன ஆள் நான். அந்த நேரத்தில என்ர வாயில இருந்து என்ன வந்தது தெரியுமோ? "சீனி இல்லாமல் ஒண்டு போட்டுத் தரட்டோ கௌரி?"

ஐயோ. ஒரு மனுசி மயங்கி விழுந்து கிடக்கிறா. நான் என்ர தாளைக் காப்பாத்துறன்!

மலேசியப் பிள்ளை என்னை ஒருக்கால் நிமிந்து பாத்தா, அவ்வளவுதான். நிலத்தில கௌரிக்குப் பக்கத்தில இருந்தன். அண்டைக்குத்தான், அவ்வளவு மாசத்துக்கும் பிறகு முதல் தடவையா அந்தக் கேள்வியைக் கேட்டன்.

"எந்தச் சாமிக்குக் கௌரி விரதம்?"

கௌரி சொன்னா, "சாமிக்கு இல்லை அக்கா. செவ்வாய்க்கிழமைக்கு."

எனக்கு விளங்கேல்லை. விளங்காத மாதிரி இருந்தனோ தெரியாது. அவதான் விளங்கப்படுத்தினா. முதல் திங்கட்கிழமை மட்டும்தானாம் சாப்பிடாமல் இருந்தது, அடுத்த நாள் முள்ளு இறங்கவேணும் எண்டு. பிறகு அந்த ஒரு நாள் போதாமல் போச்சுதாம். "முள்ளு இறங்காத கிழமை நீங்கள் என்ர முகத்தைப் பாக்கமாட்டியள் அக்கா. அடுத்த ஆள் எண்டு சொல்லுவியள். அந்தக் கிழமை முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடாது." வீட்டில என்ன சொன்னனீங்கள் எண்டு கேட்டன். "விரதம் எண்டு சொன்னால் ஒருத்தரும் மேல கேக்கமாட்டினம் தானே. நீங்களும் கேக்கேல்லையே" எண்டா. குத்திக் காட்டிச் சொல்லேல்லை. உள்ளதைச் சொன்னா.

கோப்பையை நான் வாங்கினன். "குடியுங்கோ. சீனியோடதான். நான் சொல்லுறன், குடியுங்கோ" எண்டன். உடனே வாங்கிக் குடிச்சா. மடக்கு மடக்கெண்டு குடிச்சா. சுத்தி நிண்டவைக்கு நிம்மதி. எனக்கு அதிலயும் வெக்கம்தான். அவ குடிச்சது என்ர சொல்லுக்கு, தன்ர வயித்துக்கு இல்லை.

அம்புலன்ஸ் வந்து கொண்டுபோய், ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் வச்சிருந்துபோட்டு விட்டவை. உயிருக்கு ஒண்டுமில்லை. ஆனால் சாப்பாட்டுக்கும் அவவுக்கும் இருந்த உறவு அறுந்து போச்சுது. பசி எண்டால் என்னெண்டு தெரியேல்லையாம், சாப்பிட்டால் பயமாக் கிடக்காம். நான் அவவைப் பாக்கிறன் எண்டு எங்கட பகுதி மேலாளரிட்டைக் கேட்டன். கௌரி மலேசியப் பிள்ளையிட்டைத்தான் வருவன் எண்டிட்டாவாம். நடந்ததை முழுக்க எழுதிக் குடுத்தன், முள்ளைப் பாத்ததை மட்டும் விட்டிட்டு. மெசினைத் தூக்கி ஸ்ரோர் அறையில போட்டன். வகுப்பில பாதிப் பேர், "நிறுக்காட்டி என்னத்துக்கு வாறது?" எண்டு வராமல் நிண்டிட்டினம்.

ஒரு நாள் மத்தியானம் மலேசியப் பிள்ளையிட்டைப் போய், "உம்மட வழியை எனக்குச் சொல்லித் தாரும்" எண்டு கேட்டன். கொப்பி விசயத்துக்கு மன்னிப்பும் கேட்டன். அவ தன்ர சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே, "இப்போ உங்களுக்குப் பசிக்குதாக்கா?" எண்டா. நான் மணிக்கூட்டைப் பாத்தன். "பன்னிரண்டரை" எண்டன். "நான் மணி கேக்கலக்கா" எண்டா.

ஐம்பது வயசில பசியைப் படிக்கத் துவங்கினனான். சும்மா சொல்லக்கூடாது, சரியான கஷ்டம். முதல் மாசம் விசர் பிடிச்ச ஆள் மாதிரிக் கண்டதையும் திண்டன். இவ்வளவு காலமும் கதவைச் சாத்தி வச்சிருந்தால் திறக்கேக்க அப்பிடித்தான் இருக்கும் எண்டு அவ சொன்னா. பிறகு மெல்ல மெல்ல அடங்கினது. ஒரு நாள் வேலை முடிஞ்சு வரேக்க வயித்துக்குள்ள ஒரு சின்னக் கிள்ளல். இதுதானோ எண்டு நிண்டு யோசிச்சன். கடையில ஒரு பருப்பு வடை வாங்கி ரோட்டில நிண்டே சாப்பிட்டன். ரெண்டாவதையும் வாங்கினன், அதில பாதி போதும் போல இருந்தது, மிச்சத்தைக் கடதாசியில சுத்திக் கைப்பைக்குள்ள வச்சன். ஒருத்தரும் சொல்லாமல் நானா நிப்பாட்டின முதல் சாப்பாடு அது. அழுகை வந்திட்டுது. டயட்டை விடுறது எண்டால் வைத்தியத்தை விடுறது எண்டு நினைச்சிடாதையுங்கோ. சீனி வருத்தக்காரர் மருந்து போடத்தான் வேணும், டொக்டரிட்டைப் போகத்தான் வேணும். சாப்பாட்டுக்கு முன்னால குற்றவாளி மாதிரி நிக்கிறதைத்தான் விடச் சொல்லுறன்.

கௌரி எப்பிடி இருக்கிறா எண்டு மலேசியப் பிள்ளையிட்டை ரெண்டு, மூண்டு தரம் கேட்டன். நோயாளியின்ர விசயம், வெளியில சொல்லமாட்டன் எண்டிட்டா. அது சரிதான். எட்டு மாசம் போனாப் பிறகு, "நான் கடைக்குப் போய் அவவிட்டை மன்னிப்புக் கேக்கப்போறன்" எண்டு சொன்னன்.

"போகாதீங்கக்கா" எண்டா. "உங்க மனசு ஆறுறதுக்கு அவங்களைத் தேடிப் போகாதீங்க."

நான் கேக்கேல்லை. இவ்வளவு நடந்தும் நான் கேக்கேல்லை, பாருங்கோ.

ஒரு பின்னேரம், மூண்டு மணி இருக்கும், ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனன். என்ன சொல்லுறது எண்டு ரயிலில பாடமாக்கிக்கொண்டு போனனான். கடையில வேற ஆக்கள் இல்லை. கௌரி கல்லாவுக்குப் பின்னால இருந்து, வாழையிலைத் துண்டில சுத்தின புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தா. கையால குழைச்சு, ஆறுதலா, ஜன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு. கன்னத்தில கொஞ்சம் தசை பிடிச்சிருந்தது. தேங்காய்ப்பூ போட்ட வெள்ளைப் புட்டு. அவ்வளவு வடிவா ஒரு ஆள் சாப்பிட்டு நான் கண்டதில்லை. வாசலில நிண்டபடியே நெஞ்சு நிறைஞ்சு போச்சு எனக்கு.

கதவு மணி அடிச்சது. அவ திரும்பி என்னைக் கண்டா.

கண்ட உடனே அவவின்ர கை புட்டை இலையோட சுருட்டிக் கல்லாவுக்குக் கீழ தள்ளினது. வாயில இருந்ததை அவசரமா விழுங்கினா. சீலைத் தலைப்பால வாயைத் துடைச்சா. "வாங்கோ அக்கா" எண்டு எழும்பினா. பிறகு நான் ஒண்டும் கேக்காமலே, "இப்பதான்... கொஞ்சம்தான் அக்கா" எண்டா.

பாடமாக்கினதில எதைச் சொன்னாலும் அது அவ கேக்கவேண்டிய இன்னொரு சொல்வழியாப் போயிடும் எண்டு தெரிஞ்சுபோச்சு. சாப்பிடுங்கோ எண்டால் எனக்காகச் சாப்பிடுவா. என்னை மன்னியுங்கோ எண்டால் எனக்காக மன்னிப்பா. "ரயிலுக்கு நேரமாச்சு கௌரி, வாறன்" எண்டிட்டு வெளியில வந்திட்டன்.

ரோட்டுக்கு அங்கால போய் நிண்டு திரும்பிப் பாத்தன். கண்ணாடிக்குள்ளால தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் வாசலையே பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு குனிஞ்சு இலையை எடுத்து விரிச்சு, இருந்து சாப்பிடத் துவங்கினா.

அவவுக்கு நான் செய்த உருப்படியான வைத்தியம் அது ஒண்டுதான், பிள்ளையள். கடையை விட்டு வெளியில வந்தது.